பரிசுப் பட்டியலை எழுதியவர் யார்?

சூதாட்டத்தைப் பற்றி இவ்வேட்டில் ஒரு கட்டுரையா என்று வாசகருள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். சூது தீது, ஆகவே விலக்கத்தக்கது என்று சொல்லிவிட்டால் விடயம் முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். பாரதக் கதையிலே ஓர் அரசே பகடைப் பலகையில் பறிபோயிற்று. இவற்றுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை நம்மவர்க்கு வேண்டியதில்லை. ஆயினும், ஒரு தீமையை விலக்குமாறு கூறுவது வேறு. அத்தீமை எவ்விதம் இயங்குகின்றது என அறிவது வேறு. முன்னதை அறநூல்கள் செய்துவிட்டன. பின்னதைச் செய்வது சமுதாயத்தை ஆராய முற்படுவோரின் கடன். அதிலும், அதே யந்திரத்தின் முன், அதே மனிதன், அதே சீட்டுகளை வைத்துக்கொண்டு, காலையில் விவேகமெனக் கொண்டதை மாலையில் மடமையெனத் தள்ள வேண்டி நேருமாயின், அதன் காரணம் ஆராயத்தக்கதே.

நாம் இங்கு கருதுவது வீடியோ போக்கர் என்னும் யந்திர ஆட்டத்தை. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கிலே நெவாடா என்றொரு பாலைநில மாநிலம் உண்டு. உலகப் பொருளாதார மந்தம் உழைப்பாளர் வாழ்வைச் சிதைத்துக்கொண்டிருந்த 1931ஆம் ஆண்டிலே அம்மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிற்று. ஹூவர் அணையின் கட்டுமானம் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். அணையிலே வேலை செய்தோரின் கூலிக் காசு அருகிலிருந்த லாஸ் வேகாஸ் என்னும் சிறு பட்டினத்தை நாடிச் சென்றது. அப்பட்டினமே பின்னர் உலகறிந்த சூதாட்ட நகராயிற்று. 1979இல் சை ரெட் என்பவரின் கம்பனி வீடியோ போக்கர் யந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து பெருவெற்றி கண்டது. 1981 முதல் இன்டர்நாஷனல் கேம் டெக்னோலஜி என்ற பெயருடன் வளர்ந்து, உலகின் மிகப் பெரிய சூதாட்ட யந்திர நிறுவனங்களுள் ஒன்றாகியதும் அக்கம்பனியே. சை ரெட் 1911இல் மிசிசிப்பி மாநிலத்தில் வறிய குத்தகை விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வறுமையை அறிந்த வீட்டுப் பிள்ளை, வறியோரின் சில்லறைக் காசையும் விழுங்கவல்ல யந்திரத்தின் அதிபதியானார். சமுதாயத் தீமைகளைத் தனிமனிதரின் நற்குண துர்க்குணங்களைக் கொண்டே விளக்க முற்படுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்கட்டும்.

ஆட்டத்தின் முறை எளியது. ஐந்து புள்ளிகளைப் பந்தயமாக வைத்துப் பொத்தானை அமுக்கினால் திரையிலே ஐந்து சீட்டுகள் தோன்றும். வேண்டியவற்றை வைத்துக்கொண்டு வேண்டாதவற்றைக் கழிக்கலாம். கழித்தவற்றுக்குப் பதிலாகப் புதியவை வரும். இறுதியாக அமையும் ஐந்து சீட்டுகளுக்கு ஏற்பப் பரிசு. பரவலாக ஆடப்படும் வகையிலே, ஜாக்கி அல்லது அதற்கு மேற்பட்ட சீட்டில் ஒரு ஜோடி அமைந்தால் வைத்த ஐந்து புள்ளிகள் திரும்பக் கிடைக்கும். இரு ஜோடிகளுக்கு 10. ஒரே இலக்கத்தில் மூன்றுக்கு 15. வரிசையாக அமைந்த ஐந்துக்கு 20. ஒரே இனச் சீட்டுகள் ஐந்துக்கு 30. மூன்று ஓர் இலக்கமும் இரண்டு வேறோர் இலக்கமுமாக அமையும் ‘புல் ஹவுஸ்’ என்பதற்கு 45. ஒரே இலக்கத்தில் நான்குக்கு 125. ஒரே இனத்தில் வரிசையாக ஐந்துக்கு 250. ஆசு, இராசா, இராணி, ஜாக்கி, பத்து ஆகிய ஐந்தும் ஒரே இனத்தில் சேர்வதை ‘ரோயல் பிளஷ்’ என்பர். அதற்குப் பரிசு 4000.

இங்கே யந்திரம் மோசடி செய்கிறதோ என வாசகர் ஐயுறலாம். நெவாடாவின் விதிகளின்படி, சீட்டாட்டத்தைத் திரையிற் காட்டும் யந்திரம் மெய்யான 52 சீட்டுக் கட்டிலுள்ள நிகழ்தகவையே பின்பற்ற வேண்டும். ஆகவே சீட்டில் வஞ்சகம் இல்லை. உரிமையாளர் கைவைப்பது பரிசு அட்டவணையிலேயே. நாம் மேலே தந்த அட்டவணையின்படி, பிழையின்றி ஆடுபவனுக்கு நீண்ட காலச் சராசரியில் வைத்த பணத்தில் 99.54 வீதம் திரும்பும். அதே யந்திரத்திலே புல் ஹவுஸுக்கு 45க்குப் பதிலாக 40, ஒரே இனம் ஐந்துக்கு 30க்குப் பதிலாக 25 என்று இரண்டே இலக்கங்களை மாற்றிவிட்டால், அது 97.30 வீதமாகக் குறைந்துவிடும். திரை அதே திரை, சீட்டு அதே சீட்டு, ஒளியும் ஓசையும் அவையே. ஆடுபவருட் பலர் இவ்விரண்டு இலக்கங்களை ஏறெடுத்தும் பாரார். வஞ்சகம் எதுவுமின்றியே மனிதனைச் சுரண்ட முடியும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா? கூலி ஒப்பந்தத்திலும் கையொப்பம் உண்மையானதுதான், கணக்கும் சரியானதுதான்.

சாதாரண ஆட்டத்தின் கணக்கை இனிப் பார்ப்போம். ஒரு புள்ளிக்கு 25 சதம் என்று வைத்தால் ஓர் ஆட்டத்துக்கு ஒன்றேகால் டொலர். மணிக்கு 600 ஆட்டம் என்பது பழகியவர்க்குக் கடினமன்று. ஆகவே ஒரு மணி நேரத்தில் யந்திரத்தினூடாகச் செல்லும் பணம் 750 டொலர். முதலாவது அட்டவணையில் சராசரி நட்டம் ஏறக்குறைய மூன்றரை டொலர். இரண்டாவதில் இருபது டொலருக்குச் சற்று மேல். இத்தகைய ஆட்டத்தில் விவேகம் எனப்படுவது யாது? நல்ல அட்டவணையைத் தேடுதல், ஒவ்வொரு கைக்கும் அதிக சராசரி தரும் சீட்டுகளையே வைத்தல், ஆசைக்கு இடங்கொடாதிருத்தல். ஒரே வார்த்தையிற் கூறின், சிக்கனம். சிறு இலாபமாயினும் உறுதியானதை விடாது பற்றும் குடியானவனின் விவேகம் அது.

இந்த விவேகத்துக்கும் ஓர் எதிரி உண்டு. அதுதான் காலம். சராசரி நட்டம் சிறிதாயினும், மணிக்கணக்கில், நாட்கணக்கில் ஆடுவோனிடம் அது தன் வேலையைச் செய்தே தீரும். ரோயல் பிளஷ் சராசரியாக 40,000 ஆட்டத்துக்கு ஒரு முறையே வரும். 99.54 என்னும் வீதத்தில் ஏறத்தாழ இரண்டு வீதம் அந்த ஓர் அபூர்வக் கையினுள்ளே அடங்கிக் கிடக்கிறது. அது வரும்வரை ஆடுபவன் இழந்துகொண்டே இருப்பான். நற்றாஷா டவ் ஷூல் என்னும் மானிடவியலாளர் லாஸ் வேகாஸ் நகர யந்திர ஆட்டக்காரரிடையே நெடுங்காலம் ஆய்வு செய்து 2012இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டோருட் பலர் வெல்வதற்காக ஆடவில்லை. உலகை மறந்து ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடினர். இருக்கையின் அமைப்பு முதல் ஒலியின் அளவு வரை யாவும் அவரை அங்கேயே இருத்தி வைக்கும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டிருப்பதை அந்நூல் எடுத்துரைக்கின்றது. சாதாரண ஆட்டத்திலே மனிதனின் நேரந்தான் மூலப்பொருள். யந்திரம் அதனைப் பதப்படுத்திப் பணமாக்குகின்றது.

இனிச் சுற்றுப்போட்டிக்கு வருவோம். கசினோ ஒரு நாளைக் குறித்து, வாடிக்கையாளரை அழைக்கிறது. சிலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, பலவற்றுக்கு இல்லை. எல்லோருக்கும் ஒரே வகை யந்திரம். ஒரு வகைப் போட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு புள்ளிகள் வழங்கப்படும். குறித்த நேரத்துக்குள் அவற்றை ஆடி முடித்தல் வேண்டும். இன்னொரு வகையில் புள்ளிகளுக்கு எல்லையில்லை. இருபது நிமிடம் போன்ற ஒரு கால எல்லை மாத்திரம் உண்டு. எவ்வாறாயினும் அப்புள்ளிகள் காசல்ல. ஆட்டம் முடிந்ததும் அவை மறைந்துவிடும், எஞ்சுவது தரவரிசை. முதலாவதாக வந்தவருக்குப் பெரும்பரிசு, அடுத்து வரும் சிலருக்குச் சிறுபரிசு, ஏனையோருக்கு எதுவுமில்லை.

யந்திரமும் சீட்டும் நிகழ்தகவும் மாறவில்லை. எனினும் இந்த ஒரு மாற்றத்தாலே விவேகத்தின் இலக்கணமே மாறிவிடுகிறது. எமது கூற்றை வாசகர் நம்ப வேண்டியதில்லை, கணக்கே சொல்லட்டும்.

இருநூறு பேர் பங்குபற்றும் ஒரு போட்டியைக் கற்பனை செய்வோம். ஒவ்வொருவருக்கும் 2500 புள்ளிகள். அதாவது ஐந்தைந்தாக 500 ஆட்டங்கள். ரோயல் பிளஷ் வராத ஒருவர் பிழையின்றி ஆடினால் சராசரியாக 2440 புள்ளியளவில் முடிப்பார். ரோயல் வந்தவரோ 6400 அளவில் நிற்பார். தனி ஒருவருக்கு 500 ஆட்டங்களுள் ரோயல் வரும் வாய்ப்பு எண்பதில் ஒரு பங்கே. ஆனால், இருநூறு பேரும் சேர்ந்து ஆடுவது ஒரு இலட்சம் ஆட்டங்கள். அவற்றுள் சராசரியாக இரண்டு மூன்று ரோயல்கள் வந்தே தீரும். ஆகவே முதற்பரிசு பெரும்பாலும் ரோயல் வந்தவருக்கே. சிறிது சிறிதாகச் சேர்த்து 2600 புள்ளி பெற்ற சிக்கனக்காரரும், வீணாக்கி 1500க்கு வந்த ஊதாரியும் பரிசுப் பட்டியலின் முன்னே சமமே, இருவருக்கும் ஒன்றுமில்லை. சாதாரண ஆட்டத்திலே அந்த 1100 புள்ளிகள் 275 டொலர். இங்கே அவை வெறும் எண்கள்.

ஆதலால் போட்டிக்காரன் பழைய விவேகத்தைக் களைந்தெறிய வேண்டியவனாகிறான். ஆடுதன் இராசா, இராணி, ஜாக்கி ஆகிய மூன்றும், அவற்றோடு வேறோர் இன ஜாக்கியும் வந்துள்ளன என்க. சாதாரண ஆட்டத்திலே ஜாக்கி ஜோடியை வைப்பதே சரி. அதன் சராசரி மதிப்பு வைத்த பணத்தின் ஒன்றரை மடங்கு. ஆனால் ஜோடியை வைத்தவனுக்கு அந்தக் கையில் ரோயல் வரவே வராது. ஆடுதன் மூன்றையும் வைத்தவனுக்கு 1081இல் ஒரு வாய்ப்பு. இரு ஜோடிகள் வந்தால் சாதாரண ஆட்டத்திலே இரண்டையும் வைப்பர். பன்னிரண்டில் ஒரு தடவை அளவில் புல் ஹவுஸ் அமையும். பின்தங்கிய போட்டிக்காரனோ ஒரு ஜோடியைக் கழித்து, 360இல் ஒரு வாய்ப்பாயினும் நான்கு ஒத்த சீட்டுகளை நாடுவான். கையில் அமைந்துவிட்ட புல் ஹவுஸைக் கூட அவன் உடைப்பான். மூன்று ஒத்த சீட்டுகளை மாத்திரம் வைத்தால் நான்காவது வருவதற்கு இருபத்துமூன்றில் ஒரு வாய்ப்புக்குச் சற்றுக் குறைவாக உண்டு. சராசரிக் கணக்கில் அது பாதிக்கு மேல் நட்டம்.

இவற்றினும் கொடியதோர் உதாரணம் சொல்வோம். கடைசி ஆட்டம். ஒன்பது முதல் இராசா வரை ஆடுதனில் வரிசையாக ஐந்தும் வந்துவிட்டன. 250 புள்ளிகள் கையில். சாதாரண ஆட்டக்காரன் மகிழ்ந்து அவற்றை வைத்துக்கொள்வான். அவ்வாறு வைப்பதே முறை. ஆனால் பரிசு பெற 300 புள்ளி தேவைப்படும் போட்டிக்காரன் அந்த ஒன்பதைக் கழிக்க வேண்டும். ஆடுதன் ஆசு வருவதற்கு 47இல் ஒரு வாய்ப்பு. சராசரி மதிப்பு நூறு புள்ளிக்கும் குறைவு. ஆயினும் 250 புள்ளி அவனுக்கு எதனையும் தராது; 47இல் ஒன்றோ ஏதோவொன்றைத் தரும். அவன் செய்வது பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். கணக்கின்படி அதுவே அறிவு.

காலமும் அவ்வாறே தலைகீழாகிறது. எல்லையற்ற புள்ளிப் போட்டியில் இருபது நிமிடம் என்பது 1200 வினாடி. ஓர் ஆட்டத்துக்கு நான்கு வினாடி எடுப்பவன் 300 ஆட்டம் ஆடுவான். இரண்டு வினாடி எடுப்பவன் 600 ஆடுவான். சிந்தித்து ஆடுபவன் தன் வாய்ப்பிற் பாதியை இழக்கிறான். சிறு பிழைகளால் வரும் நட்டம் அந்தப் பாதியோடு ஒப்பிடத்தக்கதன்று. சாதாரண ஆட்டத்தில் நிதானித்து ஆடுபவன் மணிக்குக் குறைவாகவே இழப்பான். அங்கே வேகம் வீட்டுக்காரனின் நண்பன். போட்டியிலோ வேகமின்மையே ஆட்டக்காரனின் பகை.

எனினும், போட்டியென்றால் கண்மூடித்தனமான துணிச்சல் என்று முடிவு கட்டுவதும் பிழை. பிறரின் புள்ளிகள் பலகையில் தெரியுமாயின், முன்னணியில் நிற்பவன் கடைசிக் கட்டத்திலே தன் இடத்தைக் காத்துக்கொள்ளவே முனைவான். உறுதியான சிறு பரிசுகளை விடான். பின்னே நிற்பவன்தான் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் வைக்க வேண்டியவனாகிறான். முன்னிற்பவனுக்கு எச்சரிக்கை அறிவு. பின்னிற்பவனுக்குத் துணிச்சலே அறிவு. அவர்களின் குணம் அல்ல, அவர்கள் நிற்கும் இடமே அதனைத் தீர்மானிக்கின்றது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைந்த விடயம் இதுவே; எஞ்சியவை இதன் விரிவே.

கணிதம் கற்பித்த காலத்தில் நிகழ்தகவுப் பாடத்துக்காக நாம் இக்கணக்குகளைக் கரும்பலகையில் எழுதியதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் உறவினரைக் காண அமெரிக்கா சென்ற வேளையில் லாஸ் வேகாஸில் மூன்று நாள் தங்க நேர்ந்தபோது, எழுதியவற்றைக் கண்ணாலும் கண்டோம். பெரு வீதியின் பகட்டான மாளிகைகளை விட்டு, உள்ளூர்வாசிகள் செல்லும் ஒரு கசினோவிலே அன்று போட்டி. வந்திருந்தோருள் முதியோரே அதிகம். எமக்கருகே அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியும் எம்மைப் போல் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர் என அறிந்து பேச்சுக் கொடுத்தோம். எந்தக் கையில் எதனை வைப்பது என்னும் அட்டவணை அச்சிட்ட சிறு அட்டையொன்று அவர் கைப்பையில் இருந்தது. சாதாரண ஆட்டத்திலே அதனைப் பார்த்துப் பார்த்தே ஆடுவாராம். போட்டி தொடங்கியதும் அட்டை பைக்குள் சென்றது. அவர் விரல்கள் தட்டெழுத்தாளரின் விரல்கள் போல் ஓடின. அழகான ஜோடிகள் வந்தன. அவற்றை உடைத்து எறிந்தார். முதலாம் சுற்று முடிந்தபோது பலகையின் நடுப்பகுதியிலே எங்கோ அவர் பெயர். இரண்டாம் சுற்றுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தை எவ்வாறு கழிப்பீர்கள் என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு யந்திரங்கள் நிறைந்த மண்டபத்தைக் காட்டினார்.

அந்த இடைவேளைதான் போட்டியின் உட்பொருள் என்று எமக்குப் பட்டது. போட்டி இலவசமாயினும், அழைப்பு எல்லோருக்கும் வருவதன்று. சாதாரண ஆட்டத்திலே போதிய பணத்தைப் புரட்டியவர்க்கே வரும். அவ்வாறு வந்தவர் சுற்றுகளுக்கிடையே அதே மண்டபத்திலே தம் சொந்தக் காசை வைத்து ஆடுவர். அப்போது அவர் விரல்களில் போட்டியின் வேகம் இருக்கும்; கண்ணெதிரே பெரும்பரிசு இருக்கும். போட்டிக்கு உரிய துணிச்சலைச் சாதாரண ஆட்டத்துக்கு எடுத்துச் செல்பவரைவிட வீட்டுக்காரனுக்கு உவப்பான வாடிக்கையாளர் யார்? மூதாட்டி தம் அட்டையை மீண்டும் வெளியே எடுத்தாரா என்பதை நாம் கவனித்தோம். சற்று நேரம் எடுக்கவில்லை. பின்னர் எடுத்தார். அவர் நல்ல ஆசிரியராக இருந்திருப்பார் என எண்ணிக்கொண்டோம்.

இன்னொன்றையும் கவனித்தோம். சாதாரண ஆட்டத்திலே ஒருவருக்கு ரோயல் வந்தால் அருகிருப்போர் எழுந்து வந்து வாழ்த்துவர். அவர் வெற்றியால் இவர்க்கு நட்டமில்லை. எதிரே நிற்பது யந்திரம். போட்டியிலே ஒரு மூலையில் மணி ஒலித்தபோது மண்டபம் முழுவதும் ஒரு கணம் முகம் கறுத்தது. ஒருவரின் நற்பேறு இங்கே மற்றெல்லோரின் இழப்பு. பரிசுத் தொகையை முற்கூட்டியே குறித்துவிட்ட வீட்டுக்காரனோ எவர் வென்றாலும் கவலையின்றிப் புன்னகைத்து நிற்கிறான். சாதாரண ஆட்டத்தில் எதிராளியாக இருந்தவன் போட்டியிலே நடுவராகிவிட்டான். அயலில் இருந்த நண்பன் எதிராளியாகிவிட்டான்.

இது கசினோவுக்கு மட்டும் உரியதா என்பதே ஆசிரியரும் மாணவருமான எம் வாசகர் முன் நாம் வைக்கும் வினா. நம் வகுப்பறைகளையே எடுத்துக்கொள்வோம். ஒரு பாடத்தில் சித்தியடைவதற்குரிய புள்ளியை எத்தனை பேரும் பெறலாம். ஒருவன் சித்தி மற்றவனைத் தடுக்காது. விளங்காத கணக்கை அயலான் சொல்லிக் கொடுப்பான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையோ வெட்டுப்புள்ளியில் நிற்பது. பல்கலைக்கழக அனுமதியோ பெரிதும் தரவரிசையில் தங்குவது. அங்கே 150 புள்ளி பெற்ற குழந்தை எவ்வளவு கற்றது என்பது வினாவன்று. எத்தனை பேரின் முன்னே நின்றது என்பதே வினா. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் முப்பது புள்ளி குறைந்தாலும் பலன் ஒன்றே. ஆகவே பத்து வயதுப் பிள்ளை, விளங்கிக் கற்பதை விட்டு, வரக்கூடிய வினாக்களை மனனம் செய்கிறது. தனியார் வகுப்புகள் பெருகுகின்றன. பிள்ளைகளுக்குக் கல்வியில் பற்றில்லை, குறுக்கு வழியே தேடுகிறார்கள் என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். அவர்கள் பரிசுப் பட்டியலைச் சரியாக வாசித்தவர்கள், வேறொன்றுமில்லை.

வகுப்பறைக்கு வெளியேயும் இதே நிலைதான். நாள் முழுதும் உழைத்தவன் வீடு திரும்பும் வழியிலே அதிர்ஷ்டலாபச் சீட்டொன்றை வாங்குவதைக் கண்டு, சேமிக்கத் தெரியாதவன் என்று படித்தவர் ஏளனம் செய்வர். சேமிப்பினால் அவன் எங்கே சென்றடைவான் என்று அவர்கள் கணக்கிட்டதுண்டா? தாய் தகப்பனின் காணியை ஈடுவைத்து, அப்பணத்தை வெளிநாட்டு முகவரிடம் கொடுத்துப் படகேறும் இளைஞனை அவசரக்காரன் என்போம். அவன் கடைசி ஆட்டத்தில் நிற்பவன். கையிலுள்ள 250 புள்ளி அவனுக்கு எதையும் தராது என்று அறிந்தவன். அவன் முடிவு சரியென்று நாம் கூறவில்லை. 47இல் ஒன்று என்பது 46 முறை தோல்வி; கடலிலே அத்தோல்வியின் பெயர் மரணம். ஆனால், அவனுக்குப் பொறுமையை உபதேசிப்பவர், பொறுமைக்குப் பரிசு வைத்திராத பட்டியலைப் பற்றி வாய் திறவாதிருப்பது நேர்மையன்று. முன்னணியில் நிற்பவர் தம் எச்சரிக்கையைத் தம் ஒழுக்கத்தின் விளைவென எண்ணிப் பெருமை கொள்வதும் அத்தகையதே. அவருக்கு வாய்த்த இடம் எச்சரிக்கையை மலிவாக்கியிருக்கிறது.

எனின், மேசையில் அமர்ந்துவிட்ட மனிதனுக்கு வேறு வழியே இல்லையா? லாஸ் வேகாஸ் நகரமே இதற்கும் ஒரு விடை தந்துள்ளது. 1991 செப்டெம்பரில் அந்நகரின் புரொன்டியர் என்னும் ஹோட்டலின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சமையலறையிலும் மதுச்சாலையிலும் விருந்தினர் அறைகளிலும் வேலை செய்தோர், ஏறத்தாழ 550 பேர். வேலைநிறுத்தம் என்பதும் ஒரு வகையில் சுற்றுப்போட்டியாக்கப்படக்கூடியது. முதலில் உடைத்துக்கொண்டு உள்ளே செல்பவனுக்கு வேலை உண்டு. கடைசிவரை வெளியே நிற்பவனுக்கு எதுவுமில்லை என்று முதலாளி கூறாமற் கூறுவான். ஒவ்வொருவனும் அயலானைச் சந்தேகிக்கத் தொடங்கும் கணத்திலே அவன் வென்றுவிடுவான். அந்த வேலைநிறுத்தம் ஆறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. பாலைநில வெயிலிலும் இரவிலும் நாள் முழுதும் மறியல் நடந்தது. அவர்களுள் ஒருவரேனும் மறியற் கோட்டைக் கடந்து வேலைக்குத் திரும்பவில்லை. ஹோட்டல் கைமாறியது; 1998 தொடக்கத்தில் புதிய உரிமையாளர் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார்; தொழிலாளர் தம் வேலைக்கு மீண்டனர்.

உள்ளே யந்திரங்களின் முன் ஆயிரக்கணக்கானோர் தனித்தனியே தம் அதிர்ஷ்டத்தைத் தேடிக்கொண்டிருந்த நகரத்திலே, வெளியே நின்ற அந்த 550 பேரும் எவர் முந்துவது என்னும் ஆட்டத்தை ஆட மறுத்தனர். யந்திரத்தின் நிகழ்தகவை எவராலும் மாற்ற இயலாது. 52 சீட்டு 52 சீட்டே. பரிசுப் பட்டியல் அத்தகையதன்று. அதனை மனிதர் எழுதினர். எழுதியவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. அடுத்த தவணையில் நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியர்கள் நாணயத்தையும் தாயக்கட்டையையும் சுண்டிக் காட்டியபின், இந்த வினாவையும் மாணவர் முன் வைப்பார்களாயின் நன்று: ஒருவனுக்கு மாத்திரம் பரிசு என்று தீர்மானித்தவர் யார்? அதனால் அவருக்கு என்ன இலாபம்?